அத்தை நகர்த்திய வெள்ளைக் கற்கள்

அத்தை,

இன்று காலை கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அது கொதித்துப் பொங்கியபோது கண்ணைக் கரிக்கிற அந்த வாசனை எழுந்தது. யாரோ பின்னால் நின்று என் கையைக் கவனிப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்படி நின்று கவனிக்கிறவள் நீ ஒருத்திதான்.

சுண்ணாம்பு வேலைக்கு உன் அரக்கு நிறப் புடவையைத்தான் கட்டிக்கொள்கிறேன். இடுப்புப் பக்கம் நீ பண்ணிவைத்த வெள்ளைக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. இன்று அதற்குப் பக்கத்திலேயே என் கறையும் விழுந்தது.

திடலில் விமானம் இறங்கும் பாதையின் ஓரத்துக் கற்களுக்கு வெள்ளை அடிக்கும் வேலை இப்போது என்னுடையது. காவல்காரர் மாமாதான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். "உங்க அத்த நவுத்துன கல்லுக்கு நீயே சுண்ணாம்பு அடி. திருடி வூட்லியே சாவிய குடுத்துட்டா திருட்டுப் போவாது" என்று சிரித்தார். நீ இருந்திருந்தால், "இவனுக்கு இன்னாடி நம்மமேல திடீர்னு அக்கற?" என்று கேட்டிருப்பாய். நீ இல்லாததால் அதை நானே மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

உன் சந்தேகத்தைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். எண்ணெய்க்காரர் அளக்கும்போது அவர் கட்டைவிரல் படிக்குள் இருக்கிறதா என்று நீ குனிந்து பார்ப்பாய். கோயிலில் பொங்கல் வாங்கினால், முன்னால் நின்றவளுக்கு எவ்வளவு விழுந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவாய். வெல்லம் குறைந்தால் என் வாயை முகர்ந்து பார்ப்பாய். சாகக் கிடந்தபோதும் மருந்து கொண்டு வந்த கம்பவுண்டரை, "மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்றாய். அந்த மனிதர் குடித்தார். அதற்குப் பிறகும் அவர் முகம் மாறுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நீ குடித்தாய்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவளும் நீதான். மாட்டுக்குப் புல் அறுக்க இன்னொரு கை வேண்டும் என்றாய். எனக்கு அதில் வருத்தமில்லை. வகுப்பில் பெயரைக் கேட்டால்கூட எழுந்து நின்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. திடலில் யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். அரிவாளும் கயிறும் இருந்தால் போதும்.

அந்தத் திடலை நீ ஒருநாளும் திடல் என்று சொன்னதில்லை. காவல்காரர் மாமா அதைப் பிரெஞ்சில் ஆவியோன் திடல் என்பார். தெருவில் எல்லோருக்கும் அது ஏரோப்ளான் திடல். உனக்கு மட்டும் அது "நம்ம மேட்டுக் கொல்லை". கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண்ணில் நம் குடும்பத்துக்கு இருந்த ஒரே நிலம், வேர்க்கடலை நன்றாக விளையும். சண்டைக் காலத்தில் பட்டாளத்து விமானம் இறங்க இடம் வேண்டும் என்று அதில் பாதியை எடுத்துக்கொண்டார்களாம். "சண்ட முடிஞ்சதும் திரும்பி வரும்" என்று வாயால் சொன்னார்களாம். மண் கொட்டிச் சமன் செய்யத் தெருப் பெண்களைத்தான் கூலிக்குக் கூப்பிட்டார்கள். நீயும் போனாய்.

"நம்ம மல்லாட்டக் கொல்லமேல நானே கூட தூக்கிச் செம்மண்ணு கொட்டினன்டி. கூலியும் வாங்கினன். அப்பக்கூட அவனுங்க சிரிச்சத பாத்து எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி" என்பாய்.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் உன்னைக் கட்டிய மாமாவும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாகச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே நடந்த சண்டை முடிந்ததும் வருகிறேன் என்று அவரும் சொல்லியிருந்தார். "சண்ட முடிஞ்சதும் வரும்னாங்களே, அது ரெண்டுமே வரல" என்று நீ ஒரே ஒருமுறை சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. புல்லைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காகிதக் கொடியும் மிட்டாயும் கொடுத்தார்கள். நான் கொடியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ என் கையைப் பிடித்து நேரே திடலுக்கு இழுத்துப் போனாய். பிரெஞ்சுக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன கொட்டகை வாசலில், நீ கேலியாகச் சொல்தா என்று கூப்பிடும் காவல்காரர் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொல்தா, உன் ராசாங்கம் மூட்ட கட்டிடுச்சி. இன்னும் யாருக்கு காவ காக்குற?"

"கழுதைங்களுக்கும் உனக்கும்தான், அக்கா."

"எங்க கொல்ல இன்னா ஆச்சி? அத கேட்டியா?"

"கொடி மாறி முழுசா ஒரு பொழுது ஆவல, அதுக்குள்ளவா?"

"கொடிய மாத்தத் தெரிஞ்சவனுக்கு மண்ண குடுக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த மிட்டாயை வாங்கிக் கொஞ்சம் கடித்துப் பார்த்து, நல்லதுதான் என்று தெரிந்த பிறகு திருப்பிக் கொடுத்தாய்.

அதன் பிறகு சில வருடங்கள் திடலை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஆடுகளும் நாமும்தான். புல் அறுக்கும் பெண்களுக்கும் காவல்காரர் மாமாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. புல் நமக்கு. எப்போதாவது விமானச் சத்தம் கேட்டால் அவர் கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். நாம் ஓடி ஆடு மாடுகளை விரட்ட வேண்டும். நான் வேகமாக ஓடுவேன். ஓடும்போது யாரோடும் பேச வேண்டியதில்லை.

பிறகு சின்ன விமானங்கள் வரத் தொடங்கின. பட்டாளத்துடையது அல்ல. வெள்ளி நிறத்தில், இரண்டு மூன்று பேர் உட்காரக்கூடிய அளவில். முதலில் வந்தவர் வெளியூர் ஆலை முதலாளி ஒருவர். சரிகை வேட்டியும் தோல் பெட்டியுமாக இறங்கினார். அவருக்காகக் கார் காத்திருந்தது. பஞ்சு, துணி, இரும்பு என்று வியாபாரம் பேச வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொட்டகைக்குப் புது ஓடு போட்டார்கள். மெட்ராசிலிருந்து ஓர் இளவயது மேனேஜர் வந்து சேர்ந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நீ மட்டும் புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்து சொன்னாய்:

"துப்பாக்கி வெச்சிருந்தவன் கேட்டுட்டு எடுத்தான். பொட்டி வெச்சிருக்கிறவன் சிரிச்சிக்கினே எடுப்பான். நீ பாரு."

அந்த வருட மழைக்குப் பிறகுதான் பாதையின் இரு பக்கமும் கற்களை வரிசையாக வைத்து வெள்ளை அடித்தார்கள். அடுத்த வெயிலில் பாதையை அகலப்படுத்திக் கற்களை இன்னும் தள்ளி வைத்தார்கள். நம்மிடம் மிஞ்சியிருந்த பாதிக் கொல்லையை நோக்கி அவை வந்தன. நீ புல்லுக்கட்டுக் கயிற்றை நம் வரப்பிலிருந்து கல்வரைக்கும் போட்டுப் பார்த்தாய். முன்பு கயிறு எட்டவில்லை. இப்போது மீந்து கிடந்தது. நீ கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

நம் ஊரில் பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை எப்படித் தின்பான் என்று உனக்குத் தெரியாததா? ஒரே நாளில் வெட்டமாட்டான். ஒவ்வோர் உழவுக்கும் ஒரு மண்வெட்டி அகலம். கேட்டால் எலி வளை என்பான். அவனுக்குப் பதில் சொல்கிறவனும் சண்டை போடமாட்டான். அடுத்த உழவில் இந்தப் பக்கத்திலிருந்து அதே அளவு வெட்டிக்கொள்வான். தெருவில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

உன் புடவையைத் துவைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இடுப்புப் பக்கம் வெள்ளை. புல் அறுத்தால் பச்சைக் கறை விழும். வெள்ளை எப்படி வரும்? மறுநாள் விடிந்ததும் உன் பக்கத்திலேயே அறுத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். நீ கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். அரிவாள் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. இடுப்பால் கல்லை ஒரு நெட்டு நெட்டினாய். கல் இருந்த இடத்தில் அறுத்த புல்லைத் தூவினாய். பிறகு அடுத்த கல்.

"இன்னாடி மொறைக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்த."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு அப்படிப் போவுது? அவன் ஒரு மொழம் வந்தா நாம ஒரு சாண் போவணும். தெரியக் கூடாது, அவ்ளோதான். நீ யாருகிட்டயாவது ஊதினியோ..."

நான் யாரிடம் ஊதுவேன்? அது உனக்கே தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து நான் கடைக்குப் போனால்கூட என் பின்னாலேயே வந்தாய்.

அந்த விமானம் முற்பகலில் வந்தது. தண்டவாளச் சத்தம் கேட்டு நான் எதிர்ப்பக்கம் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கி ஓடியது. நம் பக்கத்து ஓரத்தில் பட்டென்று ஒரு சத்தம். ஒரு சக்கரம் கல்லில் மோதி வெடித்திருந்தது. விமானம் ஒருபக்கம் சாய்ந்து, திரும்பி, நம் வரப்பை உடைத்துக்கொண்டு மல்லாட்டைச் செடிகளுக்குள் போய் மூக்கைக் குத்தி நின்றது. செம்மண் புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. உன் குரல் மட்டும்தான் கேட்டது.

"செடிய மிதிக்காதீங்க! காலப் பாத்து வைங்க! பூ பூத்த செடி!"

உள்ளிருந்து ஆலை முதலாளி ஒற்றைச் செருப்போடு இறங்கினார். உயிர் பிழைத்த மனிதர், நீ போட்ட சத்தத்தில் செடிக்குச் செடி தாண்டித் தாண்டி நடந்து வந்தார். ஓட்டி வந்தவருக்கு நெற்றியில் ரத்தம். நீ தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்து அவருக்குக் கட்டு போட்டாய். கட்டிக்கொண்டே என் காதில், "எறங்கிட்டானுங்க பாத்தியா? இனிமே இது எங்க எடம்னுவானுங்க" என்றாய். அவ்வளவு நெருக்கத்தில், நீ ஓரத்துக் கல்லையும் அவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்ததை நான் கவனித்தேன். நீ யோசித்தது நிலத்தைப் பற்றி மட்டும் அல்ல என்று அன்றே நினைத்தேன்.

மறுநாள் மேனேஜர் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். வரிசை நம் கொல்லைக்கு நேரே மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. காவல்காரர் மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அவர் வேலை போய்விடும் என்று தெருவெல்லாம் பேச்சு. வீட்டில் அப்பா உன் காலைப் பிடிக்காத குறை.

"அக்கா, வாய மூடிக்கினு இரு. போலீசு வந்தா நாம தாங்க மாட்டோம்."

நீ என்னைப் பார்த்தாய். "நீ சொல்லிட்டியா?"

"இல்ல அத்த."

"சொல்லாதவ மூஞ்சி இப்படி இருக்காது" என்று எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தாய். நான் பின்னால் ஓடினேன். நம் வரப்புக்கு எதிரே, வளைந்த கல்வரிசையின் பக்கத்தில் மேனேஜரைப் பிடித்தாய்.

"கல்ல நவுத்துனது நானு. இந்த சொல்தாவுக்கு அவ்ளோ தெகிரியம் ஏது? என் எல்லைய நான் காத்தன். அந்தப் பேரு இவனுக்குப் போவக் கூடாது."

இதைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு, அத்தை. பெயர் போகக் கூடாது என்றுதான் சொன்னாயா? அவர் பிழைப்புப் போகக் கூடாது என்று நினைத்து, அதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொன்னாயா? கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பாய்.

மேனேஜர் கத்தவில்லை. அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"எல்லையா? எந்த எல்லைம்மா? இந்தக் கல்லு மேலேருந்து எறங்கி வர்றவருக்கு. கெட்டித் தரை இதுவரைக்கும்தான்னு காட்றதுக்கு. இதுக்கும் நெலத்துக்கும் சம்மந்தமே கெடையாது."

"அப்ப எல்ல எங்க?"

அவர் கையை உயர்த்தினார். நம் முன்னால் எங்கும் காட்டவில்லை. உன் தோளுக்கு மேலாக, உனக்குப் பின்னால் காட்டினார். நம் கொல்லையைத் தாண்டி, தெருப் பக்கம் நிற்கிற ஒற்றைப் பனைமரத்தை.

"அந்தப் பனைகிட்ட கல்லு இருக்கும். சண்டைக் காலத்துலயே முழுசும் எடுத்தாச்சு. மிச்சத்துல நீங்க பயிர் வெச்சத இதுவரைக்கும் யாரும் கேக்கல. அவ்வளவுதான்."

நீ திரும்பவில்லை. கொஞ்சமும் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "அஞ்சல, போய்ப் பாத்துட்டு வா. நேத்து நட்ட கல்லாத்தான் இருக்கும்."

நான் ஓடினேன். பனையடியில் கறையான் புற்று. குச்சியால் மண்ணைக் கிளறினேன். உள்ளே கல் இருந்தது. பாசி பிடித்து, ஒரு மூலை சிதைந்து, எனக்குப் படிக்கத் தெரியாத பிரெஞ்சு எழுத்துகள் தேய்ந்துபோய் இருந்தன. அந்தப் புற்றின் மேல்தானே நாம் களையெடுக்கும்போது சோற்றுத் தூக்கை வைப்போம்! நான் திரும்பி வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை.

"சொல்லுடி. புதுசுதான?"

"பழசு அத்த."

நீ அந்தப் பதிலை மட்டும் சந்தேகப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தாய், பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாய். முன்பக்கம் சாண் சாணாகக் காத்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் எப்போதோ எல்லாம் போய்விட்டிருந்தது. காவல்காரர் மாமா குனிந்து உனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதை முகர்ந்து பார்க்காமல் குடித்தாய். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போலீஸ் வரவில்லை. காவல்காரர் மாமா வேலையில் நீடித்தார். இருக்கிற மல்லாட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார். "இவன் எதுக்கு இவ்ளோ நல்லவனா இருக்கான்?" என்று நீ கடைசிக் கூடைவரை கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த வருடம் நம் கொல்லைமேல் செம்மண் விழுந்தது. கூலிக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நீ போகவில்லை. மண் இறுகிப் புல் முளைத்ததும் முதல் ஆளாகப் போய் அறுத்தாய். அதைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்துவிட்டு, "தித்திப்பாத்தான்டி இருக்கு" என்றாய். மேனேஜரை எங்கே கண்டாலும், "இன்னும் எவ்ளோ தூரம் வருவீங்க?" என்று கேட்பாய். அவர் "போதும்மா, இனிமே இல்ல" என்பார். அவர் போன பிறகு என்னிடம், "போதும்னு சொன்னவன் ஒருத்தன எனக்குக் காட்டு" என்பாய்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த மேனேஜரும் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது பெரிய விமானங்கள் வரப்போகின்றனவாம். வியாபாரிகள் கூட்டமாக வந்து இறங்குவார்களாம். இன்று மத்தியானம் அளக்கிறவர்கள் நம் தெருவுக்கு வந்தார்கள். சிரித்துப் பேசினார்கள். மழைத் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் மட்டும்தான் வெட்டப்போகிறோம் என்று தெருமுனையைக் கை காட்டினார்கள். அப்பாவும் மற்றவர்களும் தெருமுனையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வாய்க்கால் நல்லதுதானே.

நான் வேலை முடிந்து சுண்ணாம்பு வாளியோடு வந்துகொண்டிருந்தேன். உன் புடவையைத்தான் கட்டியிருந்தேன். அத்தனை ஆண்கள் நடுவில் எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"எல்லக் கல்லு எங்க வரும்?"

தெருவே திரும்பியது. அளக்க வந்தவர், "எந்தக் கல்லும்மா?" என்றார்.

"இப்ப பனமரத்துகிட்ட இருக்குது. புதுசு எங்க நடுவீங்க?"

அவர் கையை நீட்டவில்லை. ஆனால் அவர் கண் ஒரு நொடி போய் வந்தது. நம் வீடுகளின் முதுகுப் பக்கம், முருங்கை மரங்களைத் தாண்டி. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்துவிட்டார். தலையாட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நாளைக்குக் காலைல பேசலாம்" என்றார். அப்பா யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் நாளைக்கு வருகிறார்கள், அத்தை. என்ன நடக்கும் என்று தெரியாது. வீடு நிற்குமா என்றும் தெரியாது. புடவையைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். இரண்டு கறையும் அப்படியே இருக்கின்றன. அவர்கள் கை காட்டும் பக்கத்தை அப்பா பார்ப்பார். மற்றப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அஞ்சலை